உடையவர் போன பின்னும் ஓடும் ஆட்டம் – ‘சப்ஸ்பேஸ்’ ஒரு பார்வை

சங்க மலரில் கம்ப்யூட்டர் கேம் பற்றி ஒரு கட்டுரையா என்று பெரியவர்கள் சிலர் புருவத்தை உயர்த்தலாம். “புள்ளைங்க படிப்பைக் கெடுக்கிற சமாச்சாரம், அதுக்கு விமரிசனம் வேறயா?” என்று கேட்கவும் கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாடகத்தையும் சினிமாவையும்கூட ஒரு காலத்தில் இப்படித்தான் வாசற்படியில் நிறுத்தி வைத்தோம். பிறகு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, முனைவர் பட்ட ஆய்வு வரைக்கும் கொண்டு போய்விட்டோம். விளையாட்டுக்கும் ஓர் அமைப்பு உண்டு. அதன் விதிகளை யாரோ யோசித்து வகுத்திருக்கிறார்கள். அந்த விதிகள் ஆடுகிறவரை என்ன செய்ய வைக்கின்றன, எப்படிப்பட்டவராக நடந்துகொள்ளத் தூண்டுகின்றன என்று பார்ப்பதும் திறனாய்வுதான்.

இங்கே எடுத்துக்கொள்ளும் ஆட்டத்தின் பெயர் ‘சப்ஸ்பேஸ்’. இன்டர்நெட் வழியாகப் பல பேர் ஒரே நேரத்தில் கூடி ஆடிய முதல் தலைமுறை விண்வெளிச் சண்டை ஆட்டங்களில் ஒன்று. 1997-ல் கடைக்கு வந்தது. சீக்கிரமே வெளியிட்ட நிறுவனம் கைகழுவிவிட்டது. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கும் மேலாக, ஆடுகிறவர்களே அதைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். விளம்பரம் இல்லை, சம்பளம் இல்லை, அழகான படங்களும் இல்லை. அப்படியிருந்தும் ஏன் பிழைத்தது? பிழைத்தது என்று எந்த அளவுக்குச் சொல்லலாம்? இந்த இரண்டு கேள்விகளுக்குத்தான் இக்கட்டுரை விடை தேடுகிறது. ஆடுகிறவரை நம்பிய ஆட்டம் என்பதால் அது பிழைத்தது. அந்த நம்பிக்கை ஒரு கட்டத்தில் உடைந்தபோது போட்ட பூட்டு, இன்றைக்கும் அதன் பெரிய குறையாக இருக்கிறது. இதுவே என் கட்சி.

பிறந்த கதை

விண்கலத்தை ஓட்டிக்கொண்டே சுடும் ஆட்டம் பழைய வகை. 1962-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவருடைய நண்பர்களும் பிடிபி-1 என்ற கணினிக்கு ‘ஸ்பேஸ்வார்’ எழுதினார்கள். இரண்டே பேர், ஒரே திரை. 1979-ல் அட்டாரி நிறுவனத்தின் ‘ஆஸ்டிராய்ட்ஸ்’ காசு போட்டு ஆடும் பெட்டிகளில் அமோகமாக ஓடியது. 1988-ல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவான ‘நெட்ரெக்’, வலையமைப்பு வழியாகப் பக்கத்துக்கு எட்டுப் பேர் என்று பதினாறு பேரை மோதவிட்டது. ஆனால் அதற்கு யூனிக்ஸ் கணினிகள் வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்த சாதாரண ஜனங்களுக்கு அது எட்டாக்கனி.

சப்ஸ்பேஸ் அந்த இடைவெளியில் நுழைந்தது. ஜெஃப் பீட்டர்சன், ராட் ஹம்பிள், ஹுவான் சான்செஸ் ஆகியோர் வர்ஜின் இன்டராக்டிவ் நிறுவனத்துக்காக இதை உருவாக்கினார்கள். முதலில் ‘ஸ்னைப்பர்’ என்ற பெயரில் இது வெறும் சோதனை முயற்சி. இன்டர்நெட்டில் ஏற்படும் தாமதத்தை வைத்துக்கொண்டு ஒரு பெரிய கூட்டத்தை ஒரே ஆட்டத்தில் சேர்க்க முடியுமா என்று பார்த்தார்கள். முடியும் என்று தெரிந்ததும் அது முழு ஆட்டமாக வளர்ந்தது. 1996-ல் சோதனைப் பதிப்பு பொதுமக்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. 1997 இறுதியில்தான் விற்பனைக்கு வந்தது.

அன்றைய நிலவரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் சேவையைத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15-ல். டெலிபோன் லைனில் மோடம் கிரீச்சிட்டுக் கத்தி, இணைப்பு கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள். அமெரிக்க வீடுகளிலும் டெலிபோன் லைன்தான்; விநாடிக்கு 28,800 பிட் கடத்தும் மோடம் என்றால் அங்கேயே நல்ல வேகம். அந்த ஒற்றையடிப் பாதையில் நூறு விண்கலங்களின் போரை ஓட்டிக் காட்டியதுதான் இதன் சாதனை.

ஒரே சம்பளத்தில் எல்லாச் செலவும்

திரையில் தெரிவது மேலிருந்து பார்க்கும் தட்டையான படம். கறுப்பு வானம், சில சுவர்கள், சின்னச் சின்னக் கலங்கள். வார்பேர்ட், ஜாவெலின், ஸ்பைடர், லெவயதன், டெரியர், வீசல், லங்காஸ்டர், ஷார்க் என்று எட்டு வகை. விருப்பமானதை எடுத்துக்கொள்ளலாம்.

கலத்துக்கு பிரேக் கிடையாது. விண்வெளியில் உரசல் இல்லை அல்லவா? ஒரு திசையில் கிளம்பினால் போய்க்கொண்டே இருக்கும். நிறுத்த வேண்டுமானால் எதிர்ப்பக்கமாக உந்த வேண்டும். சுவரில் மோதினால் பந்து மாதிரித் திரும்பி வரும். சுடும் தோட்டாவோடு கலத்தின் வேகமும் சேர்ந்துகொள்ளும். எனவே குறி பார்ப்பது என்றால் எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்ப்பது போதாது. அவன் எங்கே இருப்பான், நான் எந்த வேகத்தில் போகிறேன் என்று இரண்டையும் மனசுக்குள் கணக்குப் போட வேண்டும். முதல் நாள் ஆடுகிறவர் சுவருக்குச் சுவர் முட்டிக்கொண்டு திரிவார். கை பழகிய பிறகுதான் அந்த வழுக்கலே ஒரு சுகம் என்று புரியும்.

இந்த ஆட்டத்தின் ஆகச் சிறந்த விதி இன்னொன்று. ஒவ்வொரு கலத்துக்கும் ‘எனர்ஜி’ என்று ஓர் இருப்பு உண்டு. தோட்டா சுட்டால் அதிலிருந்து குறையும். குண்டு போட்டால் இன்னும் குறையும். வேகமாகத் தப்பி ஓட முடுக்கினாலும் அதிலிருந்துதான் செலவு. எதிரி கண்ணுக்குப் படாமல் மறைந்துகொண்டாலும் அதிலிருந்துதான். எதிரியின் அடி விழுந்தாலும் அதே இருப்பு குறைகிறது. அடி விழும்போது இருப்பு தீர்ந்துபோனால் கலம் வெடித்துவிடும். சும்மா இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பும்.

மற்ற ஆட்டங்களில் உயிர் ஒரு கணக்கு, தோட்டா இன்னொரு கணக்கு. இங்கே வீட்டு வாடகை, மளிகை, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் ஒரே சம்பளத்திலிருந்து போவது மாதிரி. ஆத்திரத்தில் சரமாரியாகச் சுட்டவன் அடுத்த நிமிஷம் ஓட்டாண்டி. சின்னத் தோட்டா பட்டாலே போய்விடுவான். தாக்குவது என்பதே தன்னைப் பலவீனமாக்கிக் கொள்வது. பொறுத்திருப்பவனுக்குப் பலம் கூடும். ஆனால் பொறுத்துக்கொண்டே இருந்தால் ஆட்டம் நடக்காது. எப்போது செலவழிப்பது என்ற ஒரே கேள்வியில் மொத்த ஆட்டமும் நிற்கிறது. எதிராளி இப்போது எவ்வளவு செலவழித்திருப்பான் என்று எடைபோடுவதும் அதில் அடக்கம். விதியை ஒரு வரியில் சொல்லிவிடலாம். அதன் விளைவுகளைக் கற்றுத் தேற வருஷங்கள் ஆகும். நல்ல ஆட்டத்துக்கு இதைவிட வேறு இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

அடி வாங்கியவனே சாட்சி

இனி கண்ணுக்குத் தெரியாத பகுதிக்கு வருவோம். ஒருவர் நியூயார்க்கில், இன்னொருவர் ஸ்டாக்ஹோமில் என்று வைத்துக்கொள்வோம். இவர் சுட்ட செய்தி அவருடைய கணினிக்குப் போய்ச் சேர ஒரு விநாடியில் பல பங்கு ஆகிவிடும். அதற்குள் அவர் நகர்ந்திருப்பார். இவர் திரையில் பட்டது, அவர் திரையில் படவில்லை. யார் சொல்வது சரி?

சப்ஸ்பேஸின் தீர்ப்பு: அடி வாங்கியவர் சொல்வதே சரி. என் கலத்தின் மீது தோட்டா பட்டதா என்பதை என் கணினி கணக்கிடும். பட்டு, இருப்பு தீர்ந்துவிட்டால் ‘நான் செத்துவிட்டேன்’ என்று என் கணினியே சர்வருக்குச் செய்தி அனுப்பும். இதனால் ஆடுகிறவருக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. தன் கண்முன் விலகித் தப்பிய குண்டுக்காக யாரும் சாக வேண்டியதில்லை.

நம் தெருக்களில் ஆடிய சடுகுடுவை நினைத்துப் பாருங்கள். நடுவர் யாரும் இல்லை. “தொட்டாச்சு!” என்று ஒரு கட்சி கத்தும். “படலைடா!” என்று இன்னொரு கட்சி மறுக்கும். கடைசியில் தொடப்பட்டவன் நேர்மையாக ஒப்புக்கொண்டு வெளியே போனால்தான் ஆட்டம் நடக்கும். அதே ஏற்பாட்டைத்தான் இவர்கள் கணினிக்குள் வைத்தார்கள்.

பிரேக் இல்லாத கலங்களும் இங்கே கைகொடுத்தன. ஒவ்வொரு கலமும் தன் இடம், திசை, வேகம் மூன்றையும் அவ்வப்போது அனுப்பும். அடுத்த செய்தி வரும் வரை, அது அதே போக்கில் போகும் என்று மற்றவர்களின் கணினிகள் ஊகித்து வரையும். சட்டென்று திரும்ப முடியாத கலம் என்பதால் ஊகம் பெரும்பாலும் பலிக்கும். வழுக்கிப் போகும் ஓட்டம் ஆட்டத்துக்குச் சுவை. வலையமைப்புக்கும் அதுவே உதவி. வெண்பாவின் தளைக் கட்டு நல்ல புலவர் கையில் ஓசையாக மாறுவதுபோல, மோடம் காலத்து நெருக்கடி இங்கே ஆட்டத்தின் அழகாகவே மாறியிருக்கிறது.

இதில் ஓட்டை இல்லாமல் இல்லை. இணைப்பு மோசமாக உள்ளவர் மீது தோட்டா பட்டமாதிரித் தெரியும், ஆனால் அவர் சாகமாட்டார். ‘குண்டைத் தின்கிறான்’ என்று மற்றவர்கள் திட்டுவார்கள். பொய்யே சொல்லக்கூடிய கணினியை ஒருவர் கொண்டுவந்தால்? அதற்குப் பிறகு வருகிறேன்.

விதிகளையும் கையில் கொடுத்தார்கள்

மூன்றாவது நம்பிக்கை இன்னும் பெரிது. சர்வரை நடத்தும் மென்பொருளும் ஆட்டக்காரர்கள் கைக்கு எட்டியிருந்தது. ஒவ்வொரு சர்வரும் ‘ஜோன்’ என்று அழைக்கப்படும் தனி உலகம். கலத்தின் வேகம், திரும்பும் திறன், எனர்ஜி நிரம்பும் விரைவு, குண்டின் பலம், சுவரில் மோதினால் எவ்வளவு வேகம் மிஞ்சும் என்று அநேகமாக எல்லாவற்றையும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எண்களாக மாற்றி வைக்கலாம். 1024-க்கு 1024 கட்டங்கள் கொண்ட வரைபடத்தையும் தாமே வரையலாம். உள்ளே நுழைகிறவருக்கு அந்த வரைபடமும் விதிகளும் சர்வரிலிருந்து தானாக வந்து சேரும்.

விளைவு என்ன? ஒரே ஆட்டத்திலிருந்து பல ஆட்டங்கள் முளைத்தன. ஹாக்கி மாதிரிப் பந்தைத் துரத்தி கோல் போடும் ஜோன் வந்தது. கொடிகளைப் பிடித்துக் காக்கும் ஜோன்கள் வந்தன. எல்லாவற்றிலும் நிலைத்த புகழ் பெற்றது ‘ட்ரெஞ்ச் வார்ஸ்’. அதில் மேலே ஒரு கோட்டை, உள்ளே கொடி அறை. குறுகலான வழியாக ஏறிப் போய் எதிரணியை விரட்டிக் கொடியைக் காக்க வேண்டும்.

இங்கே டெரியர் என்ற கலத்தின் பங்கைச் சொல்லியாக வேண்டும். செத்துப்போனவர்கள் மறுபடி தொலைவில்தான் பிறப்பார்கள். ஆனால் தங்கள் அணியின் டெரியரோடு ‘ஒட்டிக்கொண்டால்’ அது இருக்கும் இடத்துக்கே உடனே போய்விடலாம். ஆகவே கோட்டைக்குள் ஒரு டெரியர் உயிரோடு இருக்கும் வரை அணிக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். அது செத்தால் மொத்தப் படையும் தரைக்கு வந்துவிடும். டெரியர் ஓட்டுகிறவர் பெரிதாக யாரையும் சுட்டு வீழ்த்தப் போவதில்லை. புள்ளிப் பட்டியலில் முதலில் வரமாட்டார். சுவரோரம் ஒண்டிக்கொண்டு உயிரோடு இருப்பதே அவர் கடமை. ஷார்க் ஓட்டுகிறவர், வரும் குண்டுகளைத் தள்ளிவிட்டு அவரைக் காப்பார். சுடும் ஆட்டத்தில், சுடாமல் நிற்பவரை மையமாக வைத்தது சாதாரணக் கற்பனை இல்லை. வர்ஜின் நிறுவனம் கொடுத்த கலங்களைக் கொண்டு இந்த அணி ஒழுங்கைக் கட்டியவர்கள் ஆட்டக்காரர்கள்தான்.

ராட் ஹம்பிள் பின்னாளில், 2010-ன் இறுதியில், ‘செகண்ட் லைஃப்’ நடத்தும் லிண்டன் லேப் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்குப் போனார் என்பது இங்கே நினைக்கத் தக்கது. உள்ளே வருகிறவர்களே கட்டும் உலகம் என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது.

உடையவர் போனார்

வியாபாரமாகப் பார்த்தால் சப்ஸ்பேஸ் தேறவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஓசியில் ஆடிப் பழகியவர்களிடம் திடீரென்று காசு கேட்டால் எத்தனை பேர் கொடுப்பார்கள்? வர்ஜின் இன்டராக்டிவ் நிறுவனமும் அப்போது ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. 1998-ல் அதன் வட அமெரிக்கப் பகுதி எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கைக்குப் போயிற்று. சப்ஸ்பேஸை எடுத்து நடத்த யாரும் வரவில்லை. நிறுவனத்தின் சர்வர்கள் மறைந்தன.

நம் பல்லாங்குழிக்கும் ஆடு புலி ஆட்டத்துக்கும் உரிமையாளர் யாரும் இல்லை. விதி பாட்டியிடமிருந்து பேத்திக்கு வாய் வழியாகப் போகும். பலகை இல்லாவிட்டால் தரையில் குழி பறிக்கலாம், கரித்துண்டால் கோடு போடலாம். ஆள் இருந்தால் ஆட்டம் உண்டு. வலையமைப்பு ஆட்டத்தில் அப்படி இல்லை. எங்கேயோ ஒரு அறையில் ஓடும் சர்வரை ஒருவர் நிறுத்தினால், ஆயிரம் பேர் ஆசையோடு காத்திருந்தாலும் ஆட்டம் கிடையாது.

சப்ஸ்பேஸுக்கு அந்தக் கதி வராததற்கு, சர்வர் மென்பொருள் முன்பே வெளியே இருந்ததுதான் காரணம். ஆட்டக்காரர்கள் தங்கள் செலவில் சர்வர்களை ஓட்டினார்கள். எந்தெந்த ஜோன் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை அவர்களே பராமரித்தார்கள். பெயர்களையும் பாஸ்வேர்டுகளையும் வைத்திருக்கும் பொதுப் பதிவேட்டையும் அவர்களே நடத்தினார்கள். அந்தப் பதிவேட்டுக்கு நிறுவன காலத்திலிருந்து வந்த பெயர் ‘பில்லர்’, அதாவது பில் போடும் சர்வர். யாரும் யாருக்கும் பில் போடாத காலத்திலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டு நின்றது.

போட்டிகளுக்கு நடுவர் வேண்டுமே? ஆட்டக்காரர் போலவே உள்ளே நுழைந்து, ஆள் எண்ணி, நேரம் பார்த்து, முடிவு அறிவிக்கும் தானியங்கி நிரல்களை எழுதினார்கள். அணிகள், லீக் பந்தயங்கள் எல்லாம் உண்டாயின. ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் 12-க்கு 8 புள்ளி அளவில் ஒரு குட்டிக் கொடி வரைந்து வைத்துக்கொள்ளலாம். அந்தத் துளி இடத்தில் தங்கள் நாட்டுக் கொடியையும் அணிச் சின்னத்தையும் வரைந்து பெருமைப்பட்டவர்கள் உண்டு. ஒரு ஊர்க் கூட்டம் மாதிரியே வளர்ந்தது.

அழுகுணி ஆட்டமும் புதுப் பூட்டும்

அடி வாங்கியவனே சாட்சி என்ற ஏற்பாடு, எல்லாரிடமும் ஒரே மென்பொருள் இருக்கும் வரைதான் செல்லும். 2001-ல் ‘ட்விஸ்டர்’ என்ற பெயரில் திருத்தப்பட்ட கள்ள மென்பொருள் பரவியது. அதை வைத்திருப்பவர் சாக வேண்டாம் என்றால் சாகமாட்டார். இல்லாத ஆயுதம் எல்லாம் வரும். தெருவில் அழுகுணி ஆட்டம் ஆடுகிறவனை மறுநாள் சேர்த்துக்கொள்ள மாட்டோம். இங்கே அவன் வேறு பெயரில் வந்துவிடுவான். நிறுவனம் இருந்திருந்தால் திருத்தி வெளியிட்டிருக்கும். மூலநிரலோ ஆட்டக்காரர்கள் யாரிடமும் இல்லை.

இந்த இடத்தில்தான் எஸ்தோனியாவைச் சேர்ந்த ப்ரீட் கசேசாலு வருகிறார். ‘கசா’, ‘ஸ்கைப்’ ஆகியவற்றை உருவாக்கிய குழுவில் இருந்தவர். சப்ஸ்பேஸ் ஆட்டக்காரர். அவர் மூலநிரலைப் பார்க்காமலே, ஆட்டம் நடந்துகொள்ளும் விதத்தை வைத்து, மற்றொரு ஆட்டக்காரரின் துணையோடு புதிய மென்பொருளை அடியிலிருந்து எழுதினார். பெயர் ‘கன்டினம்’. கலம் வழுக்குவது, தோட்டா தெறிப்பது, எனர்ஜி நிரம்புவது எல்லாம் பழையபடி கைக்குப் பழகியதாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரும் மாறமாட்டார்கள். அதைச் சாதித்ததோடு, கள்ள மென்பொருள் நுழையாதபடி வலுவான மறைகுறியீட்டையும் வைத்தார். ஜோன்கள் ஒவ்வொன்றாக அதற்கு மாறின. சும்மா சொல்லக்கூடாது, இது அசாத்தியமான உழைப்பு. அது வராமல் போயிருந்தால் சப்ஸ்பேஸ் அன்றே முடிந்திருக்கும்.

ஆனால் திறனாய்வு பாராட்டோடு நின்றுவிட முடியாது. கள்ளன் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகக் கன்டினத்தின் மூலநிரல் மூடியே வைக்கப்பட்டது. காரணம் சரிதான். விளைவு என்னவென்றால், எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஆட்டத்தின் சாவி ஒரு சிலர் கையில் போய் நின்றது. பின்னால் வேறு ஆர்வலர்கள் ‘ஏ ஸ்மால் சப்ஸ்பேஸ் சர்வர்’ என்ற பெயரில், யாரும் படித்துத் திருத்தக்கூடிய சர்வர் மென்பொருளை எழுதினார்கள். அதிலும் கன்டினத்தோடு பேசுவதற்குத் தேவையான மறைகுறியீட்டுப் பகுதி மட்டும் மூடிய பெட்டியாகவே வந்தது. ஒரு நிறுவனத்தின் தயவிலிருந்து தப்பிய ஆட்டம், சில நல்ல மனிதர்களின் ஓய்வு நேரத்தை நம்பி நிற்க ஆரம்பித்தது. அவர்களுக்குக் குடும்பம், வேலை என்று ஆனபோது திருத்தங்கள் தாமதமாயின.

வேறு குறைகளும் உண்டு

தூரம் ஒரு குறை. தாமதம் அதிகமுள்ளவரைப் பார்வையாளர் வரிசைக்குத் தள்ளிவிடும் வசதி சர்வர்களில் உண்டு. மற்றவர்களுக்கு நியாயம் செய்ய அது தேவை. ஆனால் அமெரிக்க சர்வருக்கு ஆசியாவிலிருந்து வருகிறவர் என்ன பாவம் செய்தார்? எல்லாருக்கும் பொது என்று சொல்லும் ஆட்டம், பெரும்பாலும் வட அமெரிக்க, ஐரோப்பியக் கூட்டமாகவே இருந்ததற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது புதியவரின் பாடு. இருபது வருஷம் கை பழகியவர்கள் நடுவில் ஒருவர் புதிதாக நுழைந்தால், கண் திறப்பதற்குள் நாலு தடவை செத்திருப்பார். 2015 ஜூலையில் இந்த ஆட்டம் ‘ஸ்டீம்’ விற்பனைத் தளத்தில் இலவசமாக வைக்கப்பட்டது. பழையவர்கள் சிலர் திரும்பி வந்தார்கள், புதியவர்களும் எட்டிப் பார்த்தார்கள். கூட்டம் பெரிதாக நிலைக்கவில்லை. நீச்சல் தெரிந்தவர்களுக்கு மட்டுமான குளமாக அது ஆகியிருந்தது.

ஆள் குறையக் குறைய, மிஞ்சியவர்கள் கூட்டம் உள்ள இடத்துக்கே போனார்கள். ட்ரெஞ்ச் வார்ஸ் நின்றது. பல ஜோன்கள் பெயரளவில் திறந்து காலியாகக் கிடந்தன. எத்தனையோ ஆட்டங்களைப் பெற்ற ஆட்டம், கடைசியில் ஒன்றிரண்டுக்குள் சுருங்கியது. எந்த ஜோன் என்றாலும் நடத்துகிறவர் வைத்ததே சட்டம் என்பதால், தடை போட்டால் மேல்முறையீடும் அவரிடமேதான்.

சாவி யாரிடம்?

மற்ற ஆட்டங்களின் கதையையும் ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். மைக்ரோசாஃப்ட் 2000-ல் வெளியிட்ட ‘அலீஜியன்ஸ்’ என்பதும் இணைய விண்வெளிச் சண்டைதான். அதுவும் விலை போகவில்லை. 2004-ல் அந்நிறுவனம் அதன் மூலநிரலை வெளியே கொடுத்தது. 2017-ல் யாரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தையும் தந்தது. ரசிகர்கள் அதை எடுத்து நடத்தினார்கள். நாளைக்கு அவர்களில் ஒருவரும் இல்லை என்றாலும், வேறொரு பையன் அந்த நிரலைப் படித்து மறுபடி ஓட்ட முடியும். ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ என்ற ஆட்டத்தை அதன் நிறுவனம் 2012 நவம்பரில் மூடியது. ரசிகர்கள் அனுமதியில்லாமல் நடத்திய சர்வர் ஒன்றுக்கு 2024 ஜனவரியில் முறையான உரிமம் கிடைத்தது. இதற்கு நேர்மாறாக, ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய ஆட்டத்தை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ல் நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள் தனியாக உட்கார்ந்துகூட ஆட முடியாமல் போயிற்று. அந்தக் கோபத்தில் எழுந்த இயக்கத்தின் மனுவில் ஐரோப்பாவில் 2025-ல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். வாங்கியது பொருளா, வாடகையா என்ற கேள்வி இன்றைக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கும் எல்லா ஆட்டங்களுக்கும் பொருந்தும்.

இந்த வரிசையில் சப்ஸ்பேஸின் இடம் நடுவில் இருக்கிறது. விதியிலும் வலையமைப்பிலும் சர்வரிலும் ஆடுகிறவரை நம்பியதால் அது உடையவரை இழந்தும் பிழைத்தது. நம்பிக்கை உடைந்த இடத்தில் பூட்டுப் போட்டதால் முழு விடுதலை பெறாமல் நின்றது. கலையழகில் அலீஜியன்ஸை விட சப்ஸ்பேஸ் மேல் என்பது என் எண்ணம்; ஒரே இருப்பில் உயிரையும் ஆயுதத்தையும் வைத்த அந்த விதிக்கு ஈடு சொல்ல முடியாது. கைமாறும் தகுதியில் அலீஜியன்ஸ்தான் முந்துகிறது.

வெளிமாநிலத்தில் சங்கம் நடத்தியவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகவே புரியும். உறுப்பினர் பட்டியல், பாங்க் பாஸ்புக், பீரோ சாவி எல்லாம் முப்பது வருஷமாக ஒரே செயலாளர் கையில். தங்கமான மனுஷர், ஒரு பைசா தவறியதில்லை. அவருக்கு மாற்றல் வந்தால்தான் தெரியும், யாருக்கும் எதுவும் சொல்லி வைக்கவில்லை என்று. அவருடைய உழைப்பைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் அடுத்தவரைப் பழக்குவதும் அந்த உழைப்பில் சேர்த்திதான்.

வீட்டில் பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும்போது, எவ்வளவு நேரம் ஆடுகிறார்கள் என்று கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். கூடவே, அந்த ஆட்டத்தில் நீ என்னத்தைச் செலவழித்து என்னத்தைச் சம்பாதிக்கிறாய், அதை நடத்துகிறவர் நாளைக்குக் கடையைக் கட்டினால் உன்னிடம் என்ன மிஞ்சும் என்றும் கேட்டுப் பார்க்கலாம். கறுப்புத் திரையில் சின்னக் கலங்கள் வழுக்கிப் போகும் இந்தப் பழைய ஆட்டத்தை, முடிந்தால் அவர்களோடு சேர்ந்து ஒரு மணி நேரம் ஆடியும் பார்க்கலாம். முதல் பத்து நிமிஷம் சுவரில்தான் முட்டுவீர்கள். அதற்குப் பிறகு டெரியரை எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் உயிரோடு நில்லுங்கள். தெரியாத ஊர்க்காரர்கள் வந்து ஒட்டிக்கொள்வார்கள்.